சர்வாதிகாரி இருக்கட்டும், விதி என்ன?

ஜூன் 6, 2025

"டீனேஜ் பிள்ளைகளுக்கான டிஸ்டோபியா நாவல், அதாவது கெட்டுப்போன எதிர்கால உலகத்துக் கதை, எல்லாமே ஒன்றுதான். கொடுங்கோல் அரசு, பதினாறு வயதுப் பெண், அவளைச் சுற்றி இரண்டு பையன்கள், மூன்றாம் பாகத்தில் புரட்சி. அட்டையை மட்டும் மாற்றி மாற்றி விற்கிறார்கள்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சர்வாதிகாரியை மட்டும் பார்த்தால் ஒரே கதைதான், அதில் சண்டை இல்லை. விதியைப் பாருங்கள். அந்த ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறது? எதைக் கொடுத்து எதை வாங்குகிறது? யாரிடம் அனுமதி கேட்கிறது? இதற்குப் பதில் வைத்திருக்கிற நாவல் நின்றுவிடும். பதில் இல்லாதது, படம் வந்து போன கையோடு பழைய புத்தகக் கடைக்குப் போய்விடும். மறுக்கிறவர்கள் வாருங்கள்.

ஜூன் 6, இரவு

"உதாரணம் இல்லாமல் அடித்துவிடாதீர்கள்" என்று கேட்டவருக்கு.

சூசன் காலின்ஸ் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்', 2008. எல்லாருக்கும் வில்லும் அம்பும்தான் நினைவில் இருக்கும். எனக்கு முதல் அத்தியாயத்துக் கணக்கு. ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டிய கொலைக்களத்துக்குப் பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் உங்கள் பெயருக்கு ஒரு சீட்டு. பதின்மூன்றில் இரண்டு. இப்படியே ஏறி, பதினெட்டில் ஏழு. இது ஏழை பணக்காரன் எல்லாருக்கும் பொது. இதற்கு மேல்தான் சூட்சுமம். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் (அதுவும் அரைவயிற்றுக்குத்தான்) வேண்டுமென்றால், இன்னொரு சீட்டு எழுதிப் போட வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு போடலாம். ஒருமுறை போட்டது அடுத்த வருஷமும் கணக்கில் நிற்கும்.

கதாநாயகி காட்னிஸ் வீட்டில் அவள், அம்மா, தங்கை. மூன்று பேருக்கு மூன்று சீட்டு, வயதுக்கு ஒன்று, ஆக வருஷத்துக்கு நான்கு. பதினாறு வயதில் இருபது. அவளுடைய நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர். வருஷத்துக்கு ஆறு, ஏழு வருஷத்தில் 42.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். கூட்டுத் தொடர்வரிசை நடத்தும்போது இதைப் பலகையில் போட்டேன். பாடப்புத்தகக் கணக்குக்குத் தூங்கி வழிகிற கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. "சார், இது ரேஷன் கார்டு மாதிரி. பேர் ஏறினா அரிசியும் ஏறும், சாவும் ஏறும்" என்றான் ஒருவன். இதைவிடச் சுருக்கமாக அந்த நாவலுக்கு யாரும் மதிப்புரை எழுதி நான் படித்ததில்லை.

ஜூன் 7

படத்தில் இது உண்டா என்று கேட்கிறார்கள். 42 என்று கேல் சொல்வது ஒரு வசனமாக வரும். தானியம் வாங்கக் கூடுதல் சீட்டு போடாதே என்று காட்னிஸ் தங்கைக்குச் சொல்வதும் வரும். கவனிக்காத ஆளுக்கு ஒன்றும் புரியாது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்போது கூட்டல் கணக்கை எங்கே நிறுத்திச் சொல்வது?

ஜூன் 8

தொடர்ச்சி, ஏனென்றால் முக்கியமானதைச் சொல்லவில்லை.

குலுக்கல் நாள் காலை. காட்னிஸும் கேலும் பறித்த காட்டு ஸ்ட்ராபெர்ரியை மேயர் வீட்டுப் பின்வாசலில் விற்கப் போகிறார்கள். கதவைத் திறப்பது மேயர் மகள் மேட்ஜ். புது வெள்ளைக் கவுன், அதில் தங்கத்தில் ஒரு ஊசி. கேலுக்கு அந்த ஊசியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. அதை விற்றால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடலாம். உனக்கு என்ன, ஐந்து சீட்டு இருக்குமா, பன்னிரண்டு வயதிலேயே எனக்கு ஆறு இருந்தது என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் எறிகிறான். மேட்ஜ் நல்ல பெண். காசைக் கொடுத்து, நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்திக் கதவைச் சாத்துகிறாள்.

இந்தச் சின்ன இடத்துக்காகத்தான் விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. தலைநகரத்துக்குப் பிள்ளைகள் சாவது மட்டும் போதாது. சுரங்கத்தில் வேலை செய்கிற வீடும் கடை வைத்திருக்கிற வீடும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேலே காட்டுக்குள் போய் இதைச் சொல்லித் திட்டுவான். அவனுக்குத் தெரிந்தே அந்தப் பெண்ணிடம் முறைத்தான் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கடைசியில் குலுக்கலில் வருவது யார் பெயர்? ஒரே ஒரு சீட்டு வைத்திருந்த பன்னிரண்டு வயதுத் தங்கை. "அப்புறம் நிகழ்தகவுக்கு என்ன சார் மதிப்பு?" என்று கேட்டார்கள். அடுத்த பாடம் அதுதான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று தப்பித்தேன்.

ஜூன் 9

சரி, காலின்ஸை விட்டு வெளியே வா என்கிறீர்கள். 1993க்குப் போவோம். லோயிஸ் லோரியின் 'தி கிவர்'. மறு வருஷமே நியூபெரி பதக்கம் வாங்கியது. இதில் வில் இல்லை, புரட்சி இல்லை, சர்வாதிகாரி என்று விரல் நீட்ட ஒரு முகம்கூடக் கிடையாது. வெறும் விதிகள்தான். காலையில் கண்ட கனவை வீட்டில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தால் மன்னிப்பு கேட்க ஒரு வாய்பாடு, மன்னிக்கவும் ஒரு வாய்பாடு. ஒன்பது வயதில்தான் சைக்கிள். பன்னிரண்டு வயதில் என்ன வேலை என்று பெரியவர்கள் மேடையில் அறிவித்துவிடுவார்கள்.

அந்தச் சைக்கிள் விதியை ஊரில் யாரும் மதிப்பதில்லை. அண்ணனோ அக்காவோ ரகசியமாகக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். விதியை மாற்றலாமா என்று ஒரு கமிட்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கமிட்டிக்குப் போன விஷயம் முடிவதற்குள் உறுப்பினர்கள் எல்லாரும் கிழவர்கள் ஆகிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு ஜோக். அமெரிக்கப் பிள்ளைகள் அந்த இடத்தில் சிரித்தார்களோ என்னவோ, நம் ஊர்க்காரனுக்கு அங்கே சிரிப்பு வராமல் இருக்குமா?

சிரிக்க வைத்துவிட்டு லோரி செய்வதைப் பாருங்கள். கதாநாயகன் ஜோனஸ், பன்னிரண்டு வயதுப் பையன். அவன் அப்பா பச்சைக் குழந்தைகளைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார். எடை ஏறாத ஒரு குழந்தை மேல் அவருக்குப் பாசம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேறும் என்று நினைத்து, பார்க்கக் கூடாத பெயர்ப் பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வருகிறார். அன்பினால் ஒரு விதி மீறல். இதே மனிதர், இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்றுதான் இருக்கலாம் என்ற விதிப்படி, இரண்டையும் எடை போட்டுப் பார்த்து, குறைவாக இருந்த குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். கொஞ்சும் குரலிலேயே பேசிக்கொண்டு. அட்டைப் பெட்டியில் வைத்து, குப்பை போகிற வழியில் தள்ளி, டாட்டா காட்டுகிறார். ஜோனஸ் இதைப் பதிவில் பார்க்கிறான்.

அப்பா கெட்டவர் இல்லை. சைக்கிள் விதியும் ஊசி விதியும் ஒரே புத்தகத்தில் எழுதியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

2014இல் படம் எடுத்தபோது ஜோனஸை வளர்ந்த பையனாக்கிவிட்டார்கள். காதல் வைக்க வேண்டுமே. ஜெஃப் பிரிட்ஜஸ் இந்தக் கதையின் உரிமையை 90களிலேயே வாங்கி, தன் அப்பா லாயிட் பிரிட்ஜஸை 'கிவர்' என்கிற முதியவர் வேடத்தில் நடிக்கவைக்க நினைத்தாராம். படம் தொடங்காமலே இழுத்துக்கொண்டு போனதில் அப்பா காலமாகி, மகனே கிழவர் வேடத்துக்கு வந்து சேர்ந்தார். சைக்கிள் கமிட்டி ஜோக் எனக்குத் திரும்பவும் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 11

இது வராமல் இழை முடியாது என்று தெரியும். "ஹங்கர் கேம்ஸ் 'பேட்டில் ராயல்' காப்பிதானே?"

கூஷுன் தகாமியின் ஜப்பானிய நாவல் 1999, கின்ஜி ஃபுகாசாகு எடுத்த படம் 2000. எழுதி முடிக்கும் வரை அந்தப் புத்தகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். கிரேக்கக் கதையில் ஏதென்ஸ் நகரம் மினோட்டாருக்கு ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் அனுப்பும், அங்கிருந்து எடுத்தேன் என்பது அவர் வாதம். தொலைக்காட்சியில் ரியாலிட்டி ஷோவுக்கும் இராக் போர்க் காட்சிகளுக்கும் நடுவே சேனல் மாற்றிக்கொண்டிருந்த இரவும் சேர்ந்துகொண்டது. நம்புகிறவர் நம்பலாம்.

எனக்கு வேறு ஒன்று படுகிறது. ஜப்பானியக் கதையில் ஒரு வகுப்பு முழுவதையும் தீவில் இறக்கி, ஒருவரை ஒருவர் கொல்ல விடுகிறார்கள். 42 பேர். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ், ஒருதலைக் காதல், பழைய பகை எல்லாம் கூடவே வருகிறது. யார் வீட்டில் எவ்வளவு தானியம் என்ற பேச்சே இல்லை. அங்கே பயம் நண்பனிடம், இங்கே பயம் வறுமையிடம். விதி மாறினால் கதை மாறும் என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். (இரண்டிலும் 42 வருவது தற்செயல். யாரும் புதிதாகச் சதி ஆராய்ச்சி தொடங்க வேண்டாம்.)

ஃபுகாசாகுவுக்குப் போர் முடிந்த 1945இல் பதினைந்து வயது. வகுப்போடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குண்டுவீச்சில் செத்த சகாக்களின் உடல்களை அள்ளும் வேலை பிழைத்த பிள்ளைகள் தலையில் விழுந்தது. எழுபது வயதில் அவர் எடுத்த படத்துக்கு, பதினைந்துக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று சான்றிதழ். கதையில் சாகிறவர்களே அந்த வயதுதான்.

ஜூன் 12

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) பற்றிக் கேட்ட தங்கைக்கு. பிடிக்கும் என்று சொன்னாய், கோபித்துக்கொள்ளாதே.

எதிர்கால சிகாகோ. குணத்தை வைத்து ஐந்து பிரிவு. பதினாறு வயதில் ஒரு சோதனை, பிறகு ஒரு தேர்வு, வீட்டை விட்டுக்கூடப் போகலாம். அமெரிக்காவில் இது "நீ எந்தப் பிரிவு?" என்று இணையத்தில் ஆடுகிற விளையாட்டாகவே ஆகிவிட்டது. என் டியூஷன் பிள்ளைகளும் ஆடினார்கள். எல்லாரும் வீரப் பிரிவு. பூச்சிக்குப் பயந்து பெஞ்சில் ஏறுகிற பையன் உட்பட.

ஆனால் பிரிவுக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. குப்பை அள்ளுவது, கட்டிட வேலை, துணி நெய்வது, பஸ் ஓட்டுவது எல்லாம் அவர்கள். கூலி, சாப்பாடும் துணியும். குணத்தைப் பார்த்துப் பிரித்த வகுப்புகள், அதற்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், அவர்கள் தலையில் துப்புரவு. இதை எதிர்காலம் என்று சொல்லி நம்மிடம் விற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். "அவங்க புள்ளைங்களுக்கு அந்தச் சோதனை உண்டா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். முதல் பாகம் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஓடுகிற ரயிலிலிருந்து குதிப்பதில் அவ்வளவு மும்முரம்.

இரண்டாம் பாகத்தில் அவர்கள் வருகிறார்கள், படையாக. மூன்றாவதில் எல்லாமே மரபணு ஆராய்ச்சி என்று சொல்லி ஊரையே சோதனைச் சாலையாக்கிவிட்டார்கள். சோதனைச் சாலை என்றதும் குப்பை அள்ளுகிறவர் யார் என்ற கேள்வி காற்றோடு போயிற்று.

ஜூன் 12, இரவு

ஆமாம், மூன்றாம் பாகத்தின் முடிவுக்காக 2013இல் வாசகர்கள் கொதித்தார்கள். என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். பின்னூட்டத்தில் ஒருவர் எழுதிவிட்டார், அவரைத் திட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது படம் 2016இல் விழுந்ததோடு நான்காவது படம் எடுக்கப்படவே இல்லை.

ஜூன் 15

விதி என்றால் அரசு போட்டதாகத்தான் இருக்க வேண்டுமா? இந்த யோசனை நேற்று முழுக்க ஓடியது. எம். டி. ஆண்டர்சனின் 'ஃபீட்', 2002. ஐபோன் வருவதற்கு முன்னாலேயே எழுதியது. பெரும்பாலானவர்கள் மூளையில் இணையம். நினைத்தால் விளம்பரம் வரும், வாங்க நினைத்தால் வாங்கியாகிவிடும். வயலட் என்ற பெண்ணுக்கு அது ஏழு வயதில்தான் பொருத்தப்பட்டது. அதனால் உடம்போடு சரியாக ஒட்டவில்லை. அவளுக்கு ஒரு குறும்பு. சம்பந்தமே இல்லாத பொருள்களைக் கேட்டுக் கேட்டு, நீ இப்படிப்பட்ட ஆள் என்று கம்பெனி தன்னைக் கணிக்க முடியாதபடி குழப்புகிறாள். கருவி பழுதாகி உயிருக்கு ஆபத்து வந்ததும் பழுது பார்க்கக் காசு கேட்டு விண்ணப்பிக்கிறாள். உன் வாங்கும் பழக்கம் தெளிவாக இல்லை, உன் மேல் முதலீடு செய்ய முடியாது என்று பதில் வருகிறது. தயவான குரலில்தான்.

சர்வாதிகாரி இல்லை, சிப்பாய் இல்லை, காசு கிடையாது என்ற ஒரு வரி. கடனுக்கு அலைந்தவர்கள் இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

ஜூன் 16

"தமிழில் இல்லையா?" டீனேஜுக்கென்று எழுதியதில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விகடனைப் பெரியவர்கள் கையிலிருந்து பிடுங்கிப் படித்த ஒன்று உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 80களில் தொடராக வந்தது. எல்லாருக்கும் ரோபோ நாய் ஜீனோதான் பிடிக்கும், எனக்கும். ஆனால் கதை தொடங்குவது எதில்? நிலாவுக்கும் சிபிக்கும் குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி கிடைத்த செய்தியில். பெயர் எல்லாம் இரண்டெழுத்து. வாத்தியார் சுஜாதாவும் விதியில்தான் ஆரம்பித்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தலைகீழான கேஸ் என்றாலும். வங்காள எழுத்தாளர் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் அச்சேறியது நம் சென்னையில், இந்தியன் லேடீஸ் மேகசினில். அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே, வெயிலைப் பிடித்து அடுப்பு எரிக்கிறார்கள். பெண்களுக்குச் சொர்க்கம். உள்ளே அடைபட்ட ஆண் பிள்ளை ஒருவன் கதை சொல்லியிருந்தால் அது எந்த அலமாரிக்குப் போயிருக்கும்? யாராவது எழுதுங்கள்.

ஜூன் 19

இலங்கையிலிருந்து எழுதிய அண்ணன் கேட்ட கேள்வி கொஞ்சம் தடுமாற வைத்தது. "விதி விதி என்கிறீர்கள். உலகம் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது மூன்று விரல் சைகையை மட்டும்தானே?"

உண்மைதான். நாவலில் அது பன்னிரண்டாம் மாவட்டத்தில் சாவு வீட்டில் செய்கிற மரியாதை. மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து நீட்டுவது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அது தெருவுக்கு வந்தது. அந்த நவம்பரில் கோன்கேன் நகரத்தில், ஆட்சியைப் பிடித்த ராணுவத் தலைவர் பிரயுத் சான்-ஓச்சா பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்து மாணவர்கள் எழுந்து விரலை உயர்த்தினார்கள், அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக வந்த ஹங்கர் கேம்ஸ் படத்தின் காட்சிகளை பாங்காக்கில் ஒரு திரையரங்கக் குழுமம் ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில் மியான்மர் தூதர் ஐ.நா. பொதுச்சபையிலேயே, தன் நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி முடித்து, மூன்று விரலைக் காட்டினார்.

அப்போ என் வாதம் விழுந்துவிட்டதா? இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். தாய்லாந்து ராணுவம் முதலில் போட்டது ஒரு விதி. அரசியலுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது. கூட்டம் போடுவது குற்றம் என்று ஆன பிறகுதான் தனி ஆள் தன்னந்தனியாகச் செய்யக்கூடிய ஒரு அசைவு தேவைப்பட்டது. சாண்ட்விச் கொடுப்பதும் புத்தகத்தை விரித்து நின்று படிப்பதும்கூட அங்கே எதிர்ப்பானது அதனால்தான். சைகை புத்தகத்திலிருந்து வந்தது, அதற்கான தேவையை விதி உண்டாக்கியது. அண்ணன் பாதி ஜெயித்தார்.

ஜூன் 21

எழுதாத விதியும் உண்டு. மாலரி பிளாக்மனின் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்', பிரிட்டன், 2001. கறுப்பினத்தவர் ஆள்கிறார்கள், வெள்ளையர் கீழே. பள்ளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் நெற்றியில் காயம், அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி பளிச்சென்று பழுப்பு. அவர்கள் நிறத்துக்குப் பிளாஸ்திரி செய்வதே இல்லை. எந்தச் சட்டத்திலும் அது எழுதியிருக்காது, கடையில் கிடைக்காது, அவ்வளவே. நிஜ பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் பல தோல் நிறங்களுக்கும் பிளாஸ்திரி வந்தது 2020இல்.

ஜூன் 24

கனடாவிலிருந்து ஷெரி டிமலினின் 'தி மேரோ தீவ்ஸ்', 2017. உலகத்தில் பூர்வகுடிகளைத் தவிர யாருக்கும் கனவு வருவதில்லை. அவர்கள் எலும்பு மஜ்ஜையில் அது இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு போகிறார்கள், பள்ளி என்ற பெயரில் கட்டிய இடங்களுக்கு. கற்பனை என்று நினைக்க வேண்டாம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த விடுதிப் பள்ளிகள் கனடாவில் 1990கள் வரை இருந்தன. டிமலின் பழைய விதியை எடுத்து ஆண்டை மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறார்.

ஜூன் 25

பதின்மூன்று வயதுப் பையனுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்ட அம்மாவுக்கு: 'கிவர்'. சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம். ஊசி விஷயம் 19ஆம் அத்தியாயத்தில் வருகிறது. நீங்கள் முன்பே படித்திருந்தால் நல்லது, அன்று ராத்திரி அவன் கேள்வி கேட்பான். பிறகு ஹங்கர் கேம்ஸ், முதல் பாகம் மட்டும் போதும், மீதியை அவனே தேடிப் போவான். 'ஃபீட்'டில் கெட்ட வார்த்தை பக்கத்துக்குப் பக்கம். பதினாறு ஆகட்டும். 'டைவர்ஜென்ட்' கேட்டால் கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்று சொன்னால்தான் ஒளித்து வைத்துப் படிப்பான். படித்து முடித்ததும் அந்த ஊரில் குப்பை அள்ளுவது யார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.